ப்ரெதோல் தீயணைப்புச் சங்கத்தின் சேமநிதி

சங்கத்துப் பேச்சையே எடுப்பதில்லை என்று லுத்விக் வாயைக் கட்டிக்கொண்டு அன்றோடு ஐந்து நாள். மற்றதெல்லாம் பேசினான். சினைப்பசுவுக்கு மடி கனத்துவிட்டது என்றான், புளிமுட்டைகோஸ் சூப்பில் பீன்ஸ் வேகவில்லை என்றான். சங்கம் என்ற சொல் காதில் விழுந்தால் மட்டும் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவான். பிப்ரவரிக் குளிரில் அவ்வளவு நேரம் அங்கே என்னதான் செய்வானோ. அந்த வாரம் நான்கு பசுக்களுக்கும் கிடைத்த கவனிப்பு அவற்றின் ஆயுளில் கிடைத்ததில்லை.

அவன் மனைவி ஸ்தென்கா முப்பது வருஷம் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். ஒருநாளும் ஒருவர் கடிதத்தைப் பிரித்ததில்லை. ஆனால் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து உள்ளே என்ன இருக்கும் என்று ஊகித்துவிடுவாள். லுத்விக்குக்கு அவள் இரண்டாம் மனைவி. பதினைந்து வருஷம் முன்பு இந்த மலையூருக்கு வாழ வந்தாள். இத்தனை வருஷத்தில் புருஷனை மட்டும் திருப்பிப் பார்க்க வேண்டிய அவசியம் வரவில்லை. இப்போது வந்துவிட்டது.

நடந்தது இதுதான். ப்ரெதோலில் அறுபது வீடு. தீயணைப்புச் சங்கத்துக்குச் சம்பளக்காரன் ஒருவனும் கிடையாது. சங்கு ஊதினால் பால் கறப்பவன் வாளியை வைத்துவிட்டு ஓடுவான், சவரம் செய்பவன் பாதிக் கன்னத்தில் நுரையோடு ஓடுவான். வரும்படி என்று பார்த்தால் டிசம்பரில் வீடு வீடாகக் காலண்டர் கொடுத்து வாங்கும் நன்கொடை, ஆகஸ்டில் திருவிழாப் பந்தல் போட்டு விற்கும் பியரும் சுட்ட தொத்திறைச்சியும். அன்றைக்கு மழை வந்தால் அதுவும் போச்சு. தண்ணீர் வண்டி நாற்பது வருஷத்துப் பழசு. போன கோடையில் ஒரு வைக்கோல் பரண் எரிந்தபோது நாலாயிரம் லிட்டரோடு கிளம்பிய வண்டி மேட்டில் ஏறிச் சேர்வதற்குள் ஆயிரத்தைந்நூறை ரோட்டில் ஒழுகவிட்டிருந்தது. பரண் சாம்பலாயிற்று.

புது வண்டிக்கு மூன்றில் இரண்டு பங்கை நகராட்சி தருகிறது. மீதி முப்பத்தெட்டாயிரம் யூரோ சங்கத்தின் கையிருப்பாக வங்கியில் இருக்க வேண்டும், மார்ச் கடைசிக்குள் வங்கிக் கடிதம் காட்ட வேண்டும். சங்கத்துப் புத்தகத்தில் சேமநிதி முப்பத்தெட்டாயிரத்து நானூறு. பொருளாளர் லுத்விக் வருஷா வருஷம் பொதுக்கூட்டத்தில் வாசிப்பான், கைதட்டுவார்கள், தணிக்கைக் குழுவின் மூன்று பேரும் கூலாஷ் என்ற இறைச்சிக் குழம்புக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். ஆக கவலையே இல்லை என்று சங்கத்துத் தளபதி கோராஸ்த் வங்கிக்குப் போனான். இருபத்தாறாயிரத்து நூற்றைம்பதுதான் இருக்கிறது என்று வங்கிக்காரி சொல்லிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் லுத்விக் வீட்டுச் சமையலறைக்குள் வந்து நின்றான். முப்பத்தேழு வயது, நல்ல பையன், ஆனால் முன்கோபி.

"பன்னிரண்டாயிரத்து இருநூத்தம்பது யூரோ எங்க, தோழர் பொருளாளரே?"

கூட்டத்தில்தான் ஒருவரையொருவர் தோழர் என்பார்கள். அடுப்படியில் வந்து அப்படிக் கூப்பிட்டால் அது செருப்பால் அடித்த மாதிரி. லுத்விக் கரண்டியைக் கீழே வைத்தான்.

"இருபத்திநாலு வருஷமா எவனாவது கேட்டிருக்கானா? இன்னிக்கு நீ கேக்குற, அதுவும் என் வீட்டுல வந்து."

"கேக்காம? அடுத்த சனிக்கிழமை கூட்டம். என்னத்தச் சொல்லுவேன் ஊருக்கு?"

"தேடிக்கோ." சங்கத்துப் பெட்டிச் சாவியையும் கணக்குப் புத்தகத்தையும் மேசைமேல் எறிந்துவிட்டுத் தொழுவத்துக்குப் போனவன்தான்.

கோராஸ்த் புத்தகத்தைத் தொடவில்லை. "அத்தை, உங்ககிட்ட எனக்கு ஒண்ணுமில்ல," என்று ஸ்தென்காவிடம் முணுமுணுத்துவிட்டுப் போனான்.

செவ்வாய்க்கிழமை ரொட்டி வண்டி வந்தபோது வரிசையில் பேச்சு நின்றது. அவள் காசு கொடுத்துவிட்டுத் திரும்பும்போது பின்னால் ஒருத்தி கேட்டாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி: "ஏழெட்டு வருஷம் முன்னாடி அவங்க தொழுவத்துக்குப் புதுக் கூரை போட்டாங்களே, அது எந்தக் காசும்மா?" ஸ்தென்காவுக்குக் காது மடல் சுட்டது. கூரைக்குத் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். தச்சர்களுக்கு எட்டு நாள் சமைத்துப் போட்டதும் அவள்தான். திரும்பி நின்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஆனால் மனசின் ஓர் ஓரத்தில், எல்லாக் காசும் நான் கொடுத்ததுதானா என்று ஒரு சின்னக் கேள்வி எட்டிப் பார்த்தது. அதுதான் அவளை வாய் திறக்கவிடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைப் பிரித்தாள். லுத்விக்கின் எழுத்து முத்து முத்தாக இருக்கும். காலண்டர் வரவு, பியர் வரவு, டீசல் செலவு, ஹோஸ் குழாய் மூன்று. எல்லாம் ரசீதோடு ஒத்துப்போயிற்று. சேமநிதிப் பக்கத்துக்கு வந்தவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷத்துப் பக்கம். நாற்பத்தொன்பது வீட்டுப் பெயர்கள். இந்த ஊரில் மனிதர்களுக்குக் குடும்பப் பெயர் ஒன்று, வீட்டுக்கு வேறொன்று. நூறு வருஷமாகச் செருப்பே தைக்காத வீடு செருப்புக்காரர் வீடு, உலையே இல்லாத வீடு கொல்லர் வீடு. ஒவ்வொன்றுக்கும் நேரே அறுபதாயிரம் தோலார் என்று பழைய நாணயத்தில் போட்டு, யூரோ வந்த வருஷம் சிவப்பு மையில் இருநூற்றைம்பது என்று மாற்றியிருந்தான். நாற்பத்தொன்பதை இருநூற்றைம்பதால் பெருக்கினாள். பன்னிரண்டாயிரத்து இருநூற்றைம்பது. காணாமல் போன காசு அப்படியே அங்கே உட்கார்ந்திருந்தது.

'அடப்பாவி, ஊருக்கெல்லாம் கடன் கொடுத்திருக்கியா?' பட்டியலின் தலையிலேயே ஆலைக்காரர் வீடு. அது அவர்கள் வீடு. கடைசியில் பாதிரியார் வீடு. பாதிரியாருமா சங்கத்தில் கடன் வாங்கினார்? ஸ்தென்காவுக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் முந்திக்கொண்டது.

மறுநாள் காலை அப்பம் சுட்டு ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு செருப்புக்காரர் வீட்டுக்குப் போனாள். யுஸ்தினாவுக்கு எழுபத்தாறு வயது. விதவை. சங்கத்துப் பெண்கள் அணியில் இன்றும் சீருடை மாட்டிக்கொண்டு வந்து நிற்பாள். அடுப்பருகே உட்கார்ந்து கோதுமைநொய்க்குப் பன்றிக்கொழுப்பு உருக்கிக்கொண்டிருந்தாள்.

"யுஸ்தினா அத்தை, கோவிச்சுக்காதீங்க. சங்கத்துக்கு உங்க வீடு இருநூத்தம்பது தரணும்னு போட்டிருக்கு."

"கடனா? நாங்களா?" கிழவி கரண்டியை ஓங்கினாள். "என் புருஷன் செத்த அன்னிக்குக்கூடப் சவப்பெட்டிக்காரனுக்குக் கையில காசு குடுத்து அனுப்புனவடி நான்!"

"சத்தம் போடாதீங்க. இங்க பாருங்க, வீட்டுப் பேரு, வருஷம்..."

யுஸ்தினா புத்தகத்தை மூக்குக்கு நேரே பிடித்தாள். பிடித்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அடி பைத்தியக்காரி, இது எங்க மரம்!"

"என்ன மரம்?"

"காட்டுல நிக்கிற ஊசியிலை மரம்டீ. நீ அப்ப இங்க வரல. அந்த வருஷம் பம்ப் செட்டு வெடிச்சுப்போச்சு, ஒரு வீடு முழுசா எரிஞ்சுச்சு. வசூல் பண்ணலாம்னா எவன்கிட்ட இருக்கு காசு? உன் புருஷன்தான் கூட்டத்துல எந்திரிச்சான். காசு இல்லாட்டி என்ன, காடு எல்லார்கிட்டயும் இருக்குல்லன்னான். வீட்டுக்கு ஒரு மரம் சங்கத்துக்கு. இப்ப வெட்ட வேண்டாம், நிக்கட்டும், பெருக்கட்டும், அவசரம்னு வந்தா வெட்டிக்கலாம். அடுத்த ஞாயித்துக்கிழமை ஆம்பளைங்க எல்லாம் கைக்கோடாலியும் பெயின்ட் டப்பாவுமா கிளம்பிப் போனாங்க. உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையச் சீவி, வண்டிக்கு அடிச்ச சிவப்புப் பெயின்ட மரத்து மேல பூசிட்டு வந்தாங்க. வந்து நல்லாக் குடிச்சாங்க."

"மரத்த எதுக்குக் காசுன்னு புத்தகத்துல எழுதுனான்?"

"குடுத்தது குடுத்ததுதானே? ஒரு வீடு வாக்குக் குடுத்தா அது காசுதான்னு சொல்லி அன்னிக்கே ஏத்திட்டான் போல. எனக்கு அது தெரியாதும்மா. மரம் குடுத்தோம்னு தெரியும். நாங்க கைதட்டுற சேமநிதில அதுவும் இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

ஸ்தென்காவுக்கு மூச்சு வந்தது. திருடவில்லை. கிறுக்குத்தனம் பண்ணியிருக்கிறான், திருடவில்லை. ஓர் அப்பத்தை எடுத்துக் கடித்தாள். கடித்தபடியே கேட்டாள்: "சரி, உங்க மரம் எங்க நிக்குது?"

யுஸ்தினா கொழுப்பை வேகமாகக் கிண்டினாள்.

"அத ஏன் கேக்குற. பத்து வருஷம் முன்னாடி உறைமழை பெஞ்சுச்சே. கிளையெல்லாம் கண்ணாடி கட்டி, காடே படபடன்னு ஒடிஞ்சு விழுந்துச்சே. அதுல போச்சு. மூணு குளிர்காலம் எரிச்சோம். லுத்விக் வந்து பாத்தான். வேற ஒண்ணு குறிச்சிருவோம்னு நான்தான் சொன்னேன்."

"குறிச்சீங்களா?"

"அதுதான் இல்ல," என்றாள் கிழவி, நொய்யைப் பார்த்துக்கொண்டு.

அன்றிலிருந்து மூன்று நாள் ஸ்தென்கா கம்பளிக் காலுறை இரண்டு மாட்டிக்கொண்டு, பட்டியலோடு காட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்தாள். கணுக்கால் புதையப் பனி. சங்கதி தெரிந்துவிட்டதே, கோராஸ்திடம் போய்ச் சொன்னால் போதாதா என்றால், போதாது அவளுக்கு. எத்தனை நிற்கிறது, எத்தனை போயிற்று, போனது எங்கே போயிற்று, எல்லாம் தெரிய வேண்டும். முதல் மரத்தைக் கண்டபோது சின்னப் பெண் மாதிரி அவளுக்குச் சந்தோஷம். சீவிய இடத்தைச் சுற்றி மரம் தடித்த உதடு கட்டியிருந்தது. உதட்டுக்கு நடுவே விரல் நுழையும் பிளவு. பிளவுக்குள் எட்டிப் பார்த்தால் சிவப்பு, இருபத்துமூன்று வருஷத்துச் சிவப்பு. அதற்கப்புறம் இருபது அடி தூரத்திலேயே அவளுக்கு அடையாளம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

ஆனால் நின்றது பத்தொன்பதுதான். உறைமழையில் போனவை பாதி. அதற்கப்புறம் பட்டைவண்டு வந்து அரித்தவை சில. ஒருவர் காட்டைத் தலைநகர் லூப்லியானாவிலிருந்து வந்த ஒருவனுக்கு விற்றுவிட்டார், அவன் அந்தச் சிவப்பை நோய்க்குறி என்று நினைத்து வெட்டிப்போட்டான். பாதிரியார் வீட்டு மரம் கோயில் தரைக்குப் பலகையானது. "நல்ல காரியத்துக்குத்தானேம்மா," என்றார் பாதிரியார், காது சிவந்து. கொல்லர் வீட்டில் கோராஸ்தின் பெண்டாட்டி கதவைத் திறந்து, சங்கடத்தோடு நின்றபடியே பேசினாள். மாமனார் இருந்தபோதே அந்தக் காட்டுத்துண்டு முழுவதும் வெட்டி இந்தப் புது வீட்டுக்குப் பலகை அறுத்தாயிற்றாம். ஸ்தென்கா நின்றிருந்த வராந்தாவின் தரைப் பலகைகளைக் குனிந்து பார்த்தாள். நல்ல அகலமான பலகைகள். பட்டியலில் ஒரு கோடு போட்டாள்.

போன வீட்டிலெல்லாம் ஒரே பேச்சுத்தான். லுத்விக் வந்து பாத்தான், வேற குறிக்கிறோம்னு சொன்னோம், அவன் அப்புறம் கேக்கவே இல்ல. இருபத்தொன்பது வீடு. ஏன் கேட்கவில்லை? காலண்டர் காசு அரை யூரோ குறைந்தால் பனியில் திரும்பிப் போய் வாங்கி வருகிறவன், இருபத்தொன்பது வீட்டில் ஒரு வீட்டைக்கூட ஏன் கேட்கவில்லை? அதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை.

பட்டியலில் பார்க்காமல் விட்டது முதல் வீடு மட்டும். ஆலைக்காரர் வீடு. வெள்ளிக்கிழமை மத்தியானம் தங்கள் காட்டை மூலைக்கு மூலை அலசினாள். உச்சியில் அந்தப் பெரிய மரம் நின்றது. கிளையில்லாமல் நேரே ஏறிய மரம், இருவர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் கை எட்டாது. வயலின் செய்கிறவன் ஒருவன் தொள்ளாயிரம் தருவதாகச் சொல்லியிருக்கிறான் என்று விருந்தாளி வந்தால் லுத்விக் கூட்டிவந்து காட்டுவான். அதில் சீவல் இல்லை. எதிலும் இல்லை. ரோட்டோரத்தில் மட்டும் ஓர் அடிக்கட்டை இருந்தது. ஒடிந்ததல்ல. ரம்பம் போட்ட வெட்டு, பாசி பிடித்துக் கிடந்தது.

சாயங்காலம் பால் கறக்கத் தொழுவத்துக்குப் போனாள். கறவை ஏப்ரனை எடுக்கத் தூணருகே நின்றவள் கையை நீட்டியபடி அப்படியே நின்றுவிட்டாள். கூரையைத் தாங்கும் உருண்டைத் தூண், பட்டை உரித்த ஊசியிலை மரம். மார்பு உயரத்தில் தடித்த உதடு. நடுவில் பிளவு. ஆணி அடித்திருந்ததே அந்தப் பிளவின் மேல்தான். ஏழரை வருஷமாக அவள் ஏப்ரன் தொங்கியது அதன்மேல்தான். ஏப்ரனைத் தூக்கினாள். சிவப்பு.

ரொட்டி வண்டி வரிசையில் கேட்டவள் வாய் ஞாபகம் வந்தது. 

"லுத்விக்," என்றாள். அவன் வைக்கோல் தள்ளிக்கொண்டிருந்தான். "இந்த ஆணிய நீதானே அடிச்ச?"

அவன் திரும்பிப் பார்த்தான். கவைக்கோலைச் சுவரில் சாய்த்தான். இந்த முறை எழுந்து போக அவனுக்கு வேறு தொழுவம் இல்லை.

"தச்சனுங்க வந்து உக்காந்துட்டாங்க, ஒரு தூண் குறைஞ்சுச்சு," என்றான். "ரோட்டோரமா நின்னுச்சு. இழுத்துட்டு வர சுளுவு. ஒரு வாரத்துல வேற ஒண்ணு குறிச்சிரலாம்னு நினைச்சேன்."

"அந்தப் பெரிய மரம் நின்னுச்சே?"

"அது தொள்ளாயிரம் பெறுமே."

"ஓஹோ! உன்னுது தொள்ளாயிரம், அதனால சங்கத்துத வெட்டுன."

"வெட்டுனேன்." தூணைத் தொட்டான். "மத்தவனுதெல்லாம் பனி தள்ளுச்சு, வண்டு தின்னுச்சு. என்னுது நானே வெட்டுனேன். முதல் ஆளா எந்திரிச்சுக் குடுத்தவன் நான். அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு யுஸ்தினாகிட்டப் போயி உன் மரம் எங்கன்னு கேப்பேன்? கேக்கல. கேக்காததனால புத்தகத்துல அடிக்கவும் இல்ல. ஒவ்வொரு வருஷமும் அதே தொகைய வாசிச்சேன். கைதட்டுனாங்க."

ஸ்தென்காவுக்கு அவனை அடிக்கலாம் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் வாளியை எடுத்துக்கொண்டு பசுவருகே உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

அவன் கவைக்கோலால் மீதி வைக்கோலைத் தள்ளி முடித்தான்.

"சீருடைக்கு இஸ்திரி போடு," என்றான்.

சனிக்கிழமை நாலு மணிக்குச் சங்கக் கூடம் நிறைந்துவிட்டது. கொடி வந்தது, எல்லாரும் எழுந்தார்கள். தளபதி கோராஸ்த் "உதவிக்கு!" என்று குரல் கொடுக்க, கூடம் முழுதும் "உதவிக்கு!" என்று பதில் கொடுத்தது. அவர்கள் வணக்கமே அதுதான். பின்னறையில் கோராஸ்தின் அம்மா தலைமையில் கூலாஷ் கொதித்துக்கொண்டிருந்தது. மிளகாய்ப்பொடி வாசனை கூட்டத்தைச் சுறுசுறுப்பாக வைத்திருந்தது.

லுத்விக் பதக்கங்களோடு எழுந்தான். காலண்டர் வரவு வாசித்தான், டீசல் வாசித்தான். சேமநிதிக்கு வந்ததும் நிறுத்தினான். கோராஸ்த் கையைக் கட்டிக்கொண்டான்.

"சேமநிதியில பேங்க்ல இருக்கிறது இருபத்தாறாயிரத்து நூத்தம்பது. மீதி நம்ம மரங்க, நான் காசுன்னு எழுதி வச்சிருந்தேன். அது தப்பு. அதுல போனத அடிக்காம வச்சிருந்தேன். அது பெரிய தப்பு." புத்தகத்தைப் புரட்டினான். "ஆலைக்காரர் வீடு. ஒரு மரம். என் தொழுவத்துத் தூணாயிருச்சு. நானே வெட்டுனது. அடிக்கிறேன்." பேனாவால் கோடு இழுத்தான். அந்த அமைதியில் பேனா கீறுவது பின் வரிசைக்கும் கேட்டது.

 ஸ்தென்கா யுஸ்தினாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"செருப்புக்காரர் வீடு," என்று யுஸ்தினா உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள். "அடுப்புல போச்சு. அடி!"

யாரோ சிரித்தார்கள். "மணியக்காரர் வீடு, வண்டு. அடிங்க." "கோயிலுக்குப் போச்சுன்னு எழுது, அடிக்காதே," என்றார் பாதிரியார். "எழுதி அடிக்கிறேன் சாமி," என்றான் லுத்விக். ரொட்டி வண்டி வரிசையில் கூரையைப் பற்றிக் கேட்டவள் வீடும் வந்தது. அவள் குனிந்துகொண்டே, "எங்க வீட்டு அலமாரி," என்றாள். ஸ்தென்கா அவளை நன்றாகத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை.

"கொல்லர் வீடு," என்று வாசித்துவிட்டு லுத்விக் தயங்கினான்.

"எங்க வீடா?" கோராஸ்த் கையை அவிழ்த்தான். "எனக்கு அப்போ பதினாலு வயசு. எங்கப்பா குறிச்சாரா? எங்க இருக்கு?"

லுத்விக்குக்கு விவரம் தெரியும், இப்போது சொல்லலாம். பூட்ஸோடு சமையலறைக்குள் வந்தவனுக்குத் திருப்பிக் கொடுக்க இதைவிட நல்ல சமயம் வராது. ஸ்தென்கா லுத்விக்கைப் பார்த்தாள்.

"பெரியவர் போயிட்டார். விவரம் தெரியல," என்று லுத்விக் மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போகப் பார்த்தான்.

பின்னறைக் கதவு படாரென்று திறந்தது. கோராஸ்தின் அம்மா சொட்டும் கரண்டியோடு நின்றாள். "விவரம் எனக்குத் தெரியும்! தினமும் மிதிக்கிறியேடா, உன் வராந்தாப் பலகை! அதுமேல நின்னுதானே இந்த மனுஷன அஞ்சு நாளாத் திட்டுன!"

கூடம் அதிர்ந்தது. கோராஸ்த் காது வரைக்கும் சிவந்து, சிரிப்பவர்களை ஒரு சுற்றுப் பார்த்து, கடைசியில் தானும் சிரித்துவிட்டான். மேசையைச் சுற்றிவந்து லுத்விக்கிடம் கை நீட்டினான். "நான் சமையல்கட்டுல தோழர்னு கூப்பிட்டிருக்கக் கூடாது."

கூலாஷ் ஆறுவதற்குள் முடிவு எடுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் தேய்பிறை தொடங்குகிறது, மரம் வெட்ட நல்ல நாள். நிற்கிற பத்தொன்பதையும் வெட்டுவது, மரம் போன முப்பது வீடும் வேறொன்று வெட்டுவது, மார்ச் பதினைந்துக்குள் மர ஆலையில் சேர்ப்பது. லுத்விக் பொருளாளர் பதவியை விடுகிறேன் என்றான், ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தணிக்கைக் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. "மூணு நாள் பனியில நடந்து எங்க வீட்டு அடுப்புச் சாம்பல் வரைக்கும் கிளறுனாளே, அவளப் போடுங்க," என்றாள் யுஸ்தினா. எல்லாக் கையும் உயர்ந்தது.

மறுநாள் காலை இருவரும் தங்கள் காட்டுக்குப் போனார்கள். லுத்விக் கோடாலி வைத்திருந்தான், ஸ்தென்கா பெயின்ட் டப்பா. ரோட்டோரத்தில் ஒல்லியாக நின்ற ஒன்றின் முன்னால் அவன் நின்றான்.

"இது போதும். இருநூத்தம்பது தேறும்."

அவள் நிற்கவில்லை. மேட்டில் ஏறிக்கொண்டே போனாள். அவனும் மூச்சு வாங்கப் பின்னாலேயே வந்தான். பெரிய மரத்தடியில் அவள் டப்பாவைப் பனிமேல் வைத்துவிட்டுக் கோடாலிக்குக் கை நீட்டினாள்.

"ஸ்தென்கா, அது தொள்ளாயிரம் பெறும்."

"தெரியும்."

அவன் மரத்தை அண்ணாந்து பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு கோடாலியை அவளிடம் கொடுக்காமல் தானே குனிந்து பட்டையைச் சீவினான். வெள்ளையாக மரம் தெரிந்தது, பிசின் வாசனை எழுந்தது. அவள் பிரஷைத் தோய்த்துப் பூசினாள். ஒரு சொட்டு அவன் பூட்ஸ்மேல் விழுந்தது.

அவன் சட்டைப் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமையும் அதைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு கேட்டான்:

"எவ்வளவுன்னு எழுதட்டும்? தொள்ளாயிரம்னா?"

"ஒண்ணும் எழுதாதே," என்றாள் தணிக்கைக்காரி. "வெட்டி, வித்து, காசு பேங்க்ல விழுந்தப்புறம் வந்து எழுது."